ஆவணப்படம் தோற்ற இடத்தில் கதைப்படம் ஜெயித்தது

வெறுப்பைப் பரப்பும் படம் என்றால் மேடைப் பேச்சு மாதிரி கத்திக்கொண்டே இருக்கும், பார்த்ததும் கண்டுபிடித்துவிடலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 1940இல் நாஜி ஜெர்மனியில் வெளியான இரண்டு படங்களைத் தெரிந்துகொண்டால் அப்படி நினைக்க முடியாது.

முதல் படம் 'யூட் சூஸ்' (யூதன் சூஸ்). இயக்கியவர் ஃபைட் ஹார்லன், பின்னால் இருந்து நடத்தியவர் ஹிட்லரின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ். பெரிய நடிகர்கள், பிரம்மாண்டமான செட், நல்ல இசை. வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிட்டபோது புகழ்ந்து எழுதியவர்களில் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற இயக்குநர் அந்தோனியோனியும் ஒருவர். சுமார் 2 கோடிப் பேர் காசு கொடுத்துப் பார்த்த படம்.

படத்தில் வரும் சூஸ், அதாவது ஜோசப் சூஸ் ஓப்பன்ஹைமர், நிஜ மனிதர். யூதர், தென்மேற்கு ஜெர்மனியில் இருந்த வூர்ட்டம்பர்க் பிரபுவின் நிதி ஆலோசகர். பிரபு திடீரென்று இறந்துபோக, அவர் மேல் இருந்த கோபத்தையெல்லாம் இவர் மேல் காட்டி 1738இல் ஸ்டுட்கார்ட்டில் தூக்கில் போட்டார்கள். படத்தில் இது போதவில்லை, டோரத்தியா என்ற பெண்ணைப் புதிதாக உருவாக்கிச் சேர்த்தார்கள். கணவனைச் சித்திரவதை செய்யும் அலறல் அறைக்குள் கேட்டுக்கொண்டிருக்க, சூஸ் அவளை வன்புணர்கிறான். அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். தீப்பந்த வெளிச்சத்தில் உடலைத் தூக்கி வருகிறார்கள். அந்த நேரத்தில் அரங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன தோன்றும்? யாரும் பிரசங்கம் செய்யத் தேவையில்லை, அவனே தூக்குக் கயிற்றைக் கேட்பான். கேட்டது கிடைத்ததும், யூதர்கள் எல்லோரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், வருங்காலச் சந்ததியும் இந்தச் சட்டத்தைக் கைவிடக் கூடாது என்று அறிவித்துப் படத்தை முடிக்கிறார்கள். கவனியுங்கள், இதை 'யூத எதிர்ப்புப் படம்' என்று எழுதக் கூடாது என்று பத்திரிகைகளுக்கு உத்தரவே போயிருந்தது. பார்ப்பவன் தானாக அந்த முடிவுக்கு வந்தது போல இருக்க வேண்டுமாம்.

இரண்டாவது, அதே வருடம் நவம்பரில் வந்த 'நித்திய யூதன்'. ஃபிரிட்ஸ் ஹிப்ளர் எடுத்த 'ஆவணப்படம்'. போலந்தைப் பிடித்த கையோடு லோட்ஜிலும் வார்சாவிலும் இருந்த ஏழை யூதக் குடியிருப்புகளுக்குள் கேமராவைக் கொண்டுபோய், போரும் ஆக்கிரமிப்பும் கசக்கிப் போட்டிருந்த மனிதர்களைப் படம் பிடித்து, இதுதான் இவர்கள் இயல்பு என்றார்கள். எலிக் கூட்டத்தைக் காட்டி யூதர்களோடு ஒப்பிட்டார்கள். எனக்கு அதைவிடக் கேவலமாகத் தெரிவது வேறு. இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் 1931 படத்தில் குழந்தைக் கொலைகாரனாக நடித்தவர் பீட்டர் லோரே. அவர் யூதர், 1933இலேயே ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார். அவர் நடித்த வாக்குமூலக் காட்சியை வெட்டி எடுத்து, யூத மனம் இப்படித்தான் என்பதற்கு ஆதாரமாக ஒட்டினார்கள். ஒரு நடிகனின் திறமையை அவன் இனத்தின் மேலேயே குற்றச்சாட்டாகத் திருப்பியிருக்கிறார்கள்!

இந்தப் படத்துக்குக் கூட்டம் வரவில்லை. அருவருப்பாக இருந்தது, ஜனங்கள் ஒதுங்கினார்கள். ஆனால் சொன்ன சங்கதி இரண்டிலும் ஒன்றுதான். தாடியும் நீள அங்கியுமாக இருப்பவன் மழித்துக்கொண்டு கோட்டுப் போட்டால் நம்மில் ஒருவன் போலவே இருப்பான், ஜாக்கிரதை. சூஸ் படத்தில் அது சூஸின் வேட மாற்றம், ஆவணப்படத்தில் அதுவே 'நிரூபணம்'.

நாஜிகளின் எஸ்.எஸ். படை ஆட்களும் போலீஸ்காரர்களும் 'யூட் சூஸ்' பார்க்க வேண்டும் என்று அந்தப் படையின் தலைவர் ஹிம்லர் உத்தரவு போட்டார். இந்த மாதிரிப் படங்களைப் போட்டுக் காட்டிய பிறகு கைதிகளை எப்படி அடித்தார்கள் என்று, 1960களில் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்த ஆஷ்விட்ஸ் வதைமுகாம் வழக்கில் அந்த முகாமின் ஒரு காவலரே பேசியிருக்கிறார். போருக்குப் பின் நடந்த வழக்கில் ஹார்லன் மட்டும் தன்னைக் கோயபல்ஸ் கட்டாயப்படுத்தியதாகச் சொல்லி இரண்டு முறை விடுதலையானார். அப்புறம் படங்களும் எடுத்தார். அந்தத் தீர்ப்பு எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஜெர்மனியில் 'யூட் சூஸ்' படத்தை இப்போதும் விளக்க உரை, விவாதம் இல்லாமல் பொதுவில் திரையிட முடியாது. அது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. முழுத் தடை போட்டால் தேடித் திருட்டுத்தனமாகப் பார்ப்பவன் டோரத்தியாவுக்காக அழுதுவிட்டு எழுந்து போவான், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.