விறகடுப்பிலிருந்து அதிபர் மாளிகைக்கு

2024 அக்டோபர் 1 அன்று கிளாடியா ஷெயின்பாம் மெக்சிகோவின் முதல் பெண் அதிபராகப் பதவியேற்றபோது, ஒரு விஞ்ஞானியின் கைக்கு ஆட்சி வந்துவிட்டது என்று உலகெங்கும் கொண்டாடினார்கள். எனக்கும் பெருமகிழ்ச்சி. அந்த நாட்டில் பெண்களுக்கு முழு வாக்குரிமை கிடைத்ததே 1953-இல்தான். ஆனால் முனைவர் பட்டம் இருந்தாலே நல்லாட்சி வந்துவிடும் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அவர் எதை ஆராய்ந்தார் என்று முதலில் பாருங்கள்.

மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர், இளநிலை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது கிராமத்து விறகடுப்பை. மிச்சோகான் மாநிலத்தின் புரேபெச்சா பழங்குடி மக்கள் புழங்கும் அடுப்பு அது. திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி பாத்திரத்தில் ஏறாமலே வீணாகிறது. புகை சமைப்பவளின் நெஞ்சுக்குள் இறங்குகிறது. எவ்வளவு வெப்பம் வீணாகிறது என்று அளக்கப் போனால், விறகு சுமப்பது யார், இருமுவது யார் என்ற கேள்விகளும் கூடவே வந்து நிற்கும். அவருடைய அரசியல் அங்கேயே தொடங்கிவிட்டது என்பேன்.

பிறகு ஆற்றல் பொறியியலில் முனைவர் பட்டம், ஐ.நா. காலநிலைக் குழுவின் அறிக்கைகளில் பங்களிப்பு. 2000-இல் தலைநகரான மெக்சிகோ நகரின் சுற்றுச்சூழல் செயலர், 2015-இல் அந்நகரின் த்லால்பான் பகுதிக்குத் தலைவர், 2018-இல் நகரம் முழுமைக்கும் ஆட்சித் தலைவர். ஏறத்தாழ கால் நூற்றாண்டு படிப்படியாக ஏறி வந்தவரை, ஆய்வகத்திலிருந்து திடீரென்று அரசியலில் குதித்தவர்போல் எழுதுவது அந்த உழைப்புக்குச் செய்யும் அநீதி.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. 2021 மே 3 இரவு, மெக்சிகோ நகர மெட்ரோவின் 12-ஆம் தடத்தில் மேம்பாலம் இடிந்து ரயில் விழுந்தது. 26 பேர் இறந்தார்கள். காரணத்தைக் கண்டறிய, ஷெயின்பாமின் நகர அரசே நார்வே நாட்டு நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. விஞ்ஞானி செய்ய வேண்டியதைச் செய்தார் என்று மெச்சினேன். கட்டுமானக் குறைகளை முதல் அறிக்கைகள் சொன்னபோது சிக்கல் எழவில்லை. 2022-இல் வந்த கடைசி அறிக்கை, முறையான பரிசோதனைகள் நடக்கவில்லை என்று, நகர அரசின் பொறுப்பான பராமரிப்பையும் சுட்டியது. உடனே அதை ஒருதலைப்பட்சமானது என்று நிராகரித்து, வழக்குத் தொடுக்கப்போவதாக நகர அரசு அறிவித்தது. நிறுவனத்துக்கு நலமுரண் உண்டு, அதாவது நடுநிலையைக் கெடுக்கும் சொந்தத் தொடர்பு உண்டு என்று காரணமும் சொன்னார்கள். இருக்கட்டும். அப்படியானால் வேறு வல்லுநர் குழுவிடம் மொத்தத் தரவையும் கொடுத்து, மறுபடி ஆராயச் சொல்லியிருக்க வேண்டும். ஆய்வேட்டில் ஒத்துவராத அளவீட்டை அப்படித் தூக்கி எறிய அவருடைய பேராசிரியர்கள் விட்டிருப்பார்களா?

அதிபரானதும் அறிவியலுக்கெனத் தனி அமைச்சகம் அமைத்து, உயிரியலாளர் ரொசௌரா ரூயிஸிடம் ஒப்படைத்திருக்கிறார். மனமார வரவேற்கிறேன். கடனில் மூழ்கிய பெமெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தை அரசுப் பணம்தான் தாங்கி நிற்கிறது. அது காற்றில் கலக்கும், புவியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு எவ்வளவு என்பதை அரசு ஆய்வாளர்களே அளந்து, அதிபருக்குச் சங்கடமான எண்ணாக இருந்தாலும் வெளியிடட்டும். அப்படி வெளியிடுபவரின் வேலைக்கு ஆபத்து வராது என்ற உறுதியை அவர் சட்டமாகவே தர வேண்டும்.