அண்டாவில் 20 கிலோ, கார்டில் 20 கிலோ

ஞாயிற்றுக்கிழமை இல்லாதவர்கள் 200 பேருக்கு இலவசமாகக் குஸ்காப் பொட்டலம் போட 20 கிலோ அரிசி வேண்டும். ஆளுக்கு 100 கிராம். வெந்தால் கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்கு மேல் எண்ணெய், வெங்காயம், தக்காளி, இஞ்சி, பூண்டு, கேஸ், மாஸ்டர் கூலி, டப்பா, வண்டி வாடகை. எப்படிச் சுருக்கினாலும் பொட்டலம் 45 ரூபாயைத் தொடும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு 9,000 ரூபாய். இருநூறு பேர் ஒரு வேளை வயிறாரச் சாப்பிடுகிறார்கள். திங்கட்கிழமை காலையில் பசி பழையபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தமிழ்நாட்டில் அரிசி கார்டு, அதாவது அரிசி வாங்கும் ரேஷன் கார்டு, வைத்திருக்கும் குடும்பத்துக்கு மாதம் பொதுவாக 20 கிலோ வரை அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டு என்றால் 35 கிலோ. உங்கள் அண்டாவில் ஒரு ஞாயிறு இறங்கும் அதே 20 கிலோ, ஒரே ஒரு குடும்பத்தின் கார்டு சரியாக இருந்தால் மாதாமாதம் வந்துவிடுகிறது. வருஷத்துக்கு 12 அண்டா. கூடவே 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில்.

வடசென்னையில் ராயபுரம், வால்டாக்ஸ் ரோடு, பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை என்று வாரம் தவறாமல் சாப்பாடு கொண்டுபோகும் தம்பி தங்கைகளே, உங்கள் மனசில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்த உழைப்பில் பாதியாவது அண்டாவிலிருந்து கார்டுக்கு மாற வேண்டும் என்பதுதான் என் வாதம்.

நம்ம ஊருக்கு இது புதுப் பிரச்சினை இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியைப் பெரியவர்கள் இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், ஒரு மணியக்காரர் தொடங்கிய கஞ்சி ஊற்றும் இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். அவசரத்துக்கு ஊற்றிய கஞ்சி மெல்ல நிரந்தர இடமாகி, பக்கத்தில் மருத்துவமனை வளர்ந்து, பெயரும் ஒட்டிக்கொண்டது. அன்றைக்குப் பசித்தவனுக்குக் கேட்டு வாங்க வேறு கதவு இல்லை. இன்றைக்கு இருக்கிறது. அந்த வித்தியாசத்தை மறந்துவிடக் கூடாது.

மேற்கு நாடுகளில் உணவு வங்கி என்று ஒரு ஏற்பாடு உண்டு. முதல் உணவு வங்கி 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் தொடங்கியது. கடைகளில் மிஞ்சியதை வாங்கிச் சேர்த்துவைத்து, இல்லாதவர்களுக்குத் தொண்டர்கள் பிரித்துக் கொடுப்பார்கள். அதே 1967இல் இங்கே அண்ணா, மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஆட்சிக்கு வந்து, சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி போட்டார். அங்கே பசிக்குக் கிடைத்த பதில் தர்மம். இங்கே பசி ஒரு தேர்தல் கேள்வி. இந்த இரண்டு பாதையும் எங்கே போய் நின்றது என்று பாருங்கள். பிரிட்டனில் ஒரே ஒரு உணவு வங்கி வலையமைப்பு மட்டும் 2023-24இல் 30 லட்சத்துக்கும் மேல் அவசரப் பொட்டலங்கள் கொடுத்தது. ஒரு பொட்டலத்தில் குறைந்தது மூன்று நாளைக்கான சாமான். அதை வாங்கவும் டாக்டரோ சமூகப் பணியாளரோ எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அவ்வளவு பணக்கார நாட்டில் தற்காலிகம் என்று தொடங்கியது இன்று வரை மூடவில்லை. தொண்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்றானதும் அரசு கையைக் கழுவிக்கொள்வது சுலபமாகிவிட்டது.

இங்கேயும் அந்தக் காற்று அடிக்கிறது. கம்பெனி சட்டம் 2013இன்படி சமூகப் பொறுப்புக்குச் செலவு செய்யும் இனங்களில் பசி ஒழிப்பு முதல் வரிசையில் இருக்கிறது. அதனால் பேனர் வைத்த வண்டிகளுக்குக் குறைவில்லை. சில வருஷங்களுக்கு முன் மாநகராட்சிப் பள்ளிகளில் காலை உணவை ஒரு தொண்டு அமைப்பிடம் கொடுத்தபோது, வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் வந்தது. பிள்ளைகள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அப்போது எழுந்தது, சரியாகவே எழுந்தது. 2022 செப்டம்பர் 15இல் அரசே காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, உப்புமாவில் உப்பு இல்லை என்றால் கவுன்சிலரிடம் போய் நிற்க முடிகிறது. 1920இல் மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியதும் மாநகராட்சித் தீர்மானமாகத்தான், சொந்த அன்னதானமாக இல்லை. வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரியைத் தாண்டிப் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேஷன் கடையில் எடை குறைந்தால், "என்னண்ணா, 20 கிலோவுக்கு 18தான் நிக்குது" என்று ஒரு அக்கா குரலை உயர்த்திக் கேட்கலாம். பின்னால் வரிசையில் நிற்கும் நாலு பேர் சேர்ந்துகொள்வார்கள். பொட்டலம் கொடுக்கிறவரிடம் அதே அக்கா, "சோறு ஊசிப்போயிருக்கு தம்பி" என்று சொல்ல மாட்டார். அடுத்த வாரம் வண்டி நிற்காமல் போய்விடுமோ என்ற பயம். வாங்கிக்கொண்டு, வண்டி போனதும் ஓரமாகக் கொட்டிவிடுவார்.

ஊசிப்போவது அபூர்வமும் இல்லை. கல்யாண மண்டபத்தில் மிஞ்சியதை எடுத்துப் போகும் வழக்கத்தைப் பாருங்கள். மத்தியானச் சாப்பாடு காலை 10 மணிக்கே வெந்து இறங்கிவிடும். கடைசிப் பந்தி 2 மணிக்கு. மிச்சம் இருக்கிறது என்று போன் வர 2.30. வண்டி போய்ச் சேர 3.30. பொட்டலம் கட்டிக் கொடுத்து முடிக்க 5. சமைத்து ஏழு மணி நேரம் ஆகிவிட்டது. 5 மணிக்கு யாரும் சாப்பிடுவதில்லை. ராத்திரிக்கு என்று எடுத்து வைப்பார்கள். 8 மணிக்குத் திறந்தால் தேங்காய் போட்ட பொரியல் முதலில் போயிருக்கும், அடுத்தது கூட்டு, அப்புறம் சாம்பார். சோற்றின் கேடு கண்ணுக்கே தெரியாது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாமல் தாக்குப்பிடிக்கும். சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் பெருகி, நஞ்சு விடும். வாந்தி எடுக்க வைக்கும் அந்த நஞ்சு திரும்பச் சுட வைத்தாலும் போகாது.

புதிதாகச் சமைத்தாலும் கட்டுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். கொதிக்கக் கொதிக்க அள்ளி டப்பாவில் அமுக்கி மூடினால், ஆவி மூடியில் முத்து முத்தாகக் கோத்துச் சோற்றின் மேலேயே சொட்டும். 50 டப்பாவை ஒரு மூட்டையில் அடுக்கினால் ஓரத்தில் இருப்பது ஆறும். நடுவில் இருப்பது மூன்று மணி நேரம் கழித்தும் கை சுடாத வெதுவெதுப்பிலேயே இருக்கும். கிருமிக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சூடாகக் கொடுப்பதென்றால் 60 டிகிரிக்குக் கீழே இறங்காத மூடிய பாத்திரத்தில் கொண்டுபோய் அங்கேயே தட்டில் பரிமாறுங்கள். பொட்டலம்தான் என்றால் அகலமான தட்டில் பரப்பி, ஆவி போனதும் கட்டுங்கள். வெயில் காலத்தில் குஸ்காவை விட எலுமிச்சை சாதமும் புளி சாதமும் தாங்கும். தேங்காய்ச் சட்னி வேண்டாம். முட்டையை ஓடு உரிக்காமல் தனியாகக் கொடுங்கள். எத்தனை மணிக்கு வெந்தது என்று டப்பா மேல் மார்க்கரில் எழுதுங்கள். அதிலிருந்து நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடியவில்லையென்றால் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வெள்ள நேரம் மட்டும் வேறு கணக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை வீடுகளில் தண்ணீர் புகுந்த மாதிரி நடக்கும்போது, முதல் மூன்று நாள் சமைத்த சாப்பாடு கட்டாயம் வேண்டும். அடுப்பு முழுகியிருக்கும், சிலிண்டர் மிதக்கும். அந்த நேரத்தில் அரிசி, பருப்புப் பை கொடுத்துப் பிரயோஜனமில்லை. இதில் கெடுவது விநியோகம். வண்டி எருக்கஞ்சேரி நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். முனையில் இருக்கும் வீடுகளுக்கு நாலு தடவை பிரியாணி வரும். முட்டுச் சந்தின் கடைசி வீட்டுக்கு, அங்கே படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு, ஒன்றும் போகாது. சந்துக்கு ஒரு ஆளை அந்தத் தெருவிலிருந்தே பிடித்து, வீட்டு எண்ணிக்கையைக் கேட்டு, கடைசி வீட்டிலிருந்து கொடுத்துக்கொண்டு வாருங்கள். தண்ணீர் வடிந்ததும் அந்த வேலையை நிறுத்திவிட்டு அரசு நிவாரணத்தின் பக்கம் திரும்புங்கள். அந்த வெள்ளத்தில் 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. கார்டு இருந்தவருக்கு டோக்கன்; இல்லாதவர் விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். பொங்கல் பரிசு, மகளிர் உரிமைத் தொகை என்று எதைத் தொட்டாலும் அடியில் அந்தக் கார்டுதான்.

ஆடி மாசம் அம்மன் கோயிலில் ஊற்றும் கூழையும், ரம்ஜானில் பள்ளிவாசலில் கொடுக்கும் நோன்புக் கஞ்சியையும் நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே தூக்குச்சட்டியோடு எல்லா வீட்டுப் பிள்ளையும் நிற்கிறது. ஊற்றுகிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெரு. யாரும் போட்டோ பிடித்து, "பயனாளி" என்று போடுவதில்லை.

சரி, கார்டு ஏன் வேலை செய்வதில்லை? கல்யாணம் ஆகி வந்த பெண்ணின் பெயர் அம்மா வீட்டுக் கார்டிலேயே இருக்கும். ஒரு ஆதார் ஒரு கார்டில்தான் ஏறும். ஆகவே முதலில் அங்கே பெயர் நீக்கம், அப்புறம்தான் இங்கே புது விண்ணப்பம். வரிசை மாறினால் தள்ளுபடி ஆகிவிடும். வாடகை வீட்டுக்காரருக்கு முகவரிச் சான்றில் சிக்கல். வீட்டுக்காரர் கரண்ட் பில் நகல் தர மாட்டார். கேஸ் ரசீதோ வாடகை ஒப்பந்தமோ வேண்டும். பழைய செல் நம்பர் போய்விட்டால் ஓடிபி வராது. எல்லாவற்றுக்கும் முன்னால் நம்பரை மாற்றுங்கள். சர்க்கரை கார்டாக இருந்தால் அரிசியே கிடையாது. அரிசி கார்டாக மாற்றக் கேட்க வேண்டும்.

கைரேகைதான் நம்ம பக்கத்துப் பெரிய பிரச்சினை. காசிமேட்டில் ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் முப்பது வருஷம் மீன் அள்ளிய கையில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரத்தில் விரலை வைத்து, துடைத்து, திரும்ப வைத்து, கட்டை விரல், ஆள்காட்டி விரல் என்று மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான் எரியும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். பாட்டி பையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிடும். இரண்டு மாசம் இப்படிப் போனால் அது ரேஷனை மறந்துவிட்டு உங்கள் பொட்டலத்தை நம்ப ஆரம்பிக்கும். கருவிழிப் பதிவு இருக்கிறதா என்று அங்கேயே கேட்க வேண்டும். நடந்து வர முடியாதவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அங்கீகாரச் சான்று உண்டு. முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுவரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்திருக்கிறது; பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்டு எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் குடும்பத்துக்கு 20 கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 166 கிராம். மூட்டை தூக்குகிறவருக்கு அது ஒரு வேளைக்கே காணாது. நடைபாதையில் இருக்கும் குடும்பம் 20 கிலோ அரிசியை மழையிலும் எலியிலும் எங்கே வைக்கும், எதில் பொங்கும்? அவர்களுக்குத்தான் அம்மா உணவகம். 2013 பிப்ரவரியில் வந்த விலை இன்னும் மாறவில்லை: இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. காலையில் நாலு இட்லி, மத்தியானம் இரண்டு சாதமும் என்றால் 12 ரூபாய். நீங்கள் 45 ரூபாய்க்குக் கட்டும் ஒரு பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நஷ்டத்தில் ஓடுகிறது என்று அடிக்கடி சொல்கிறார்கள். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் என்ன லாபத்திலா ஓடுகின்றன? 2024 ஜூலையில் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் 21 கோடி ரூபாய் அறிவித்தார்கள். உங்கள் வார்டு உணவகத்தில் கிரைண்டர் ஓடுகிறதா, சாம்பாரில் காய் இருக்கிறதா, சாயங்காலம் சப்பாத்தி போடுகிறார்களா என்று வாரம் ஒரு முறை போய்ச் சாப்பிட்டுப் பார்த்து, இல்லை என்றால் கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். பார்சல் கிடையாது என்ற விதியில் நியாயம் உண்டு, மொத்தமாக வாங்கி வெளியே விற்றுவிடுவார்கள். ஆனால் படுக்கையில் கிடப்பவருக்கு மட்டுமாவது அதைத் தளர்த்தச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

மாதம் இரண்டாவது சனிக்கிழமை, காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை, உணவுப் பொருள் வழங்கல் துறையின் மண்டல உதவி ஆணையர் அலுவலகங்களில் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பெயர் சேர்க்க, நீக்க, முகவரி மாற்ற, செல் நம்பர் மாற்ற, அங்கீகாரச் சான்று வாங்க எல்லாம் அங்கேயே கேட்கலாம். நடுவில் புகார் என்றால் 1967க்குப் போன் செய்து, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு கொடுக்கப் போகும் அடுத்த ஞாயிறு, ஒரு நோட்டும் எடுத்துப் போங்கள். வாங்குகிறவரிடம் கேட்க மூன்றே கேள்வி: கார்டு இருக்கிறதா, போன மாசம் அரிசி வாங்கினீர்களா, வாங்கவில்லையென்றால் கடையில் என்ன சொன்னார்கள். பத்துப் பெயர் சேர்ந்ததும் ஆதார் நகல், பழைய கார்டு, செல்போன் மூன்றையும் எடுத்துவரச் சொல்லி, சனிக்கிழமை 9.30க்கே ஒரு ஷேர் ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போங்கள். 12 மணிக்கு மேல் போனால் கூட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.