சுவரொட்டிக்குச் சாக்கு எதற்கு?

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடை முன்னால் காத்திருக்கும் நேரத்தில் பல வருடங்களாக ஒன்றைக் கவனித்து வருகிறேன். தொடைக்கறி கேட்பவர் அரைக்கிலோ என்று சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். சுவரொட்டி என்னும் மண்ணீரலோ காலோ குடலோ கேட்பவர் மட்டும் கூடவே ஒரு காரணத்தையும் சொல்வார். "பாய், மகளுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு சொல்லிட்டாங்க, ஒரு சுவரொட்டி எடுத்து வைங்க" என்பார் ஒருவர். "அப்பாவுக்கு முட்டி வலி, நாலு கால் வேணும்" என்பார் இன்னொருவர். வேண்டாம் என்பவரும் சும்மா இருப்பதில்லை. கொழுப்பு, கிருமி, செரிக்காது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் ஒதுங்குவார். எனக்கு இது பிடிக்கும், எனக்கு இது பிடிக்காது என்ற இரண்டே சொற்களில் முடிய வேண்டிய பேச்சு, ஆட்டின் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகள் என்று வந்துவிட்டால் மட்டும் மருத்துவமாகவும் நியாயமாகவும் வேடம் போட்டுக்கொள்வது எனக்கு நெடுநாள் உறுத்தல்.

நான் மதுரைப் பக்கத்துக்காரன். ஆட்டில் எதையும் வீணாக்காத வீட்டில் வளர்ந்தவன். என் கணக்கை முதலிலேயே வைத்துவிடுகிறேன்: குடல், சுவரொட்டி, ஈரல், ரத்தம் ஆகிய நான்கும் உயிர். நுரையீரலும் மூளையும் ஆகாது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர் நம் பேச்சில் கிடையாது என்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். 'உள்ளுறுப்புகள்' என்பது பாடப்புத்தகச் சொல். 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்பது கேலிக்காகப் பிறந்தது. கடையில் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர்தான். பெயர் தனித்தனியாக இருப்பதால் ருசியும் தனித்தனி என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்தே இருக்கிறது. ஈரல் பிடிக்காதவனுக்குக் குடல் பிடிக்கலாம். மொத்தமாக வெறுப்பவர், அநேகமாக எதையுமே வாயில் வைத்துப் பார்க்காதவர்.

குடலிலிருந்து தொடங்குகிறேன். சென்னையில் போட்டி என்பார்கள். இலங்கையில் பாபத் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பெயர் எதுவானாலும் அதன் ருசி அடுப்பில் பிறப்பதில்லை, கழுவும் இடத்தில் பிறக்கிறது. என் அம்மா அதைக் கழுவுவதைச் சிறுவயதில் பக்கத்தில் குத்தவைத்துப் பார்த்திருக்கிறேன். பெருவயிற்றின் உட்புறம் கரும்பச்சை நிறத்தில், நனைந்த துண்டைப் போலச் சொரசொரப்பாக இருக்கும். அதை வெந்நீரில் அமிழ்த்தி எடுத்துக் கத்தி முதுகால் சுரண்டினால், அந்தக் கருந்தோல் சுருள் சுருளாகக் கழன்று, அடியிலிருந்து பால் வெள்ளை தெரியும். வெந்நீரின் பக்குவம்தான் எல்லாமும். சூடு குறைந்தால் தோல் கழலாது. கூடிவிட்டால் வெந்து ஒட்டிக்கொண்டு, பிறகு எந்தக் கத்திக்கும் அசையாது. தேன்கூடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும் பகுதியும், புத்தகத் தாள்களைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும் பகுதியும் உண்டு. அந்தத் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கழுவ வேண்டும். அவசரக்காரர்கள் புரட்டாமல் விடுவது அங்கேதான். சிறுகுடலுக்குள் தண்ணீரை ஓடவிட்டு, பிறகு ஒரு குச்சியின் முனையில் மாட்டி, சட்டைக் கையைத் திருப்புவதைப் போல உட்புறத்தை வெளியே எடுத்து, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுப் பிசைந்து அலசுவார். ஏழெட்டுத் தண்ணீர் ஆகும். கடைசித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மா தலையாட்டினால்தான் அது சட்டிக்குப் போகும்.

இதனால்தான் வெளியில் குடல் சாப்பிட நான் தயங்குவேன். ஒருமுறை நெடுஞ்சாலையோரத்து உணவகம் ஒன்றில், மசாலா வாசனையில் மயங்கிக் கேட்டு வாங்கி, இரண்டாவது வாயில் பல்லிடுக்கில் மணல் நெறுநெறுக்க, தட்டை அப்படியே தள்ளிவிட்டு எழுந்தேன். அன்று வந்த அருவருப்பு குடலின் மேல் வந்ததல்ல, தாளைப் புரட்டாத அந்தக் கையின் மேல் வந்தது. வீட்டில் கடலைப்பருப்பு சேர்த்து, தேங்காயும் சோம்பும் அரைத்து ஊற்றிய குடல் குழம்பு என்றால், இட்லி எண்ணிக்கையை நான் பார்ப்பதில்லை.

சுவரொட்டி ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். எறிந்து பார்க்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் வந்ததில்லை. ஒன்றே ஒன்று என்பதால் கடைக்காரர் தெரிந்தவர்களுக்குத்தான் எடுத்து வைப்பார். எங்கள் வீட்டில் அது பிள்ளை பெற்றவளுக்கும் வயதுக்கு வந்த பெண்ணுக்கும் உரியது. உப்பும் மிளகும் தடவி, கம்பியில் குத்தித் தணலில் வாட்டினால், மேல்தோல் இறுகி, உள்ளே கருஞ்சிவப்பாய் மாவைப் போல் கரையும். அதில் ஈரலைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து இருப்பது உண்மை. ஆனால் அக்காவுக்கு என்று வாட்டியதில் ஒரு துண்டு எனக்கும் கிடைக்காதா என்று அடுப்படியைச் சுற்றி வந்த எட்டு வயதுப் பையனுக்கு இரும்புச்சத்து என்றால் என்னவென்றே தெரியாது. அந்தத் தணல் வாசனைக்காகத்தான் சுற்றினேன். இன்றும் அதற்காகத்தான் வாங்குகிறேன், கடைக்காரரிடம் எந்த நோயையும் சொல்வதில்லை.

உறுப்புக்கு உறுப்பு என்று நம்மிடம் ஒரு வாய்பாடு இருக்கிறது. கால் தின்றால் காலுக்கு, மூளை தின்றால் படிப்புக்கு, நெஞ்செலும்புச் சாறு நெஞ்சுக்கு. இந்த வாய்பாட்டைக் கிண்டல் செய்ய வாயெடுக்கும்போதெல்லாம் ஈரல் வந்து குறுக்கே நிற்கிறது. 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள், அதுவரை ஆளைக் கொன்றுகொண்டிருந்த ஒருவகைக் கொடிய ரத்தசோகை பிடித்த 45 பேருக்கு நாள்தோறும் ஈரலை உணவாகக் கொடுத்துத் தேற்றிக் காட்டினார்கள். விப்பிள் என்பவரோடு சேர்த்து 1934-இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஈரலுக்குள் இருந்துகொண்டு அவர்களைக் காப்பாற்றிய சரக்கு பி12 என்னும் வைட்டமின் என்பது 1948-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டுத் தெரியவந்தது. ஆக ஈரல் மருந்துதான், மறுக்கவில்லை. அதே ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால், கருவுற்ற பெண்கள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று பிரிட்டன் அரசின் சுகாதாரத் துறை சொல்கிறது. நம் ஊரிலோ கருவுற்றவள் தட்டில்தான் முதலில் ஈரலை வைக்கிறோம். மருத்துவத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் அது இரண்டு பக்கமும் பேசும். எனக்கு ஈரல் பிடிப்பதற்குக் காரணம், சின்ன வெங்காயத்தை வதக்கி, மிளகைத் தட்டிப் போட்டு, சில நிமிடங்களில் இறக்கிவிடும்போது அதன் நடுவில் நிற்கும் மென்மை. கூடுதலாக விட்டால் செருப்புத்தோல்.

ஈரல் விஷயத்தில் நான் ஒரு பழியும் சுமக்கிறேன். கல்லூரி விடுமுறையில் அப்பத்தா வீட்டில் நாட்டுக்கோழி அறுத்தபோது, நானே சுத்தம் செய்கிறேன் என்று வீம்பாக வாங்கி, ஈரலை ஒட்டியிருந்த பித்தப்பையை நகத்தால் கீறிவிட்டேன். பச்சைத் தண்ணீராய் ஒழுகியதைக் கண்டும், கழுவினால் போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் கொடுத்துவிட்டேன். சட்டி முழுக்கக் கசப்பு. அப்பத்தா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாரே தவிர ஒரு சொல் சொல்லவில்லை. அன்று எல்லோருக்கும் ரசமும் அப்பளமும். அந்தக் குற்றத்துக்குப் பிறகும் ஈரலின் மேல் எனக்கு ஆசை குறையாததைப் பார்த்தால், ஆசை என்பது எவ்வளவு வெட்கம் கெட்டது என்று தெரிகிறது.

ரத்தப் பொரியலை எழுதினாலே சிலர் பதிவைக் கடந்து போய்விடுவார்கள், தெரியும். உறைந்த ரத்தத்தை வேகவைத்து உதிர்த்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, தேங்காய்த் துருவல் தூவினால், பார்வைக்குக் கேழ்வரகுப் புட்டு, வாய்க்கு அதைவிட மேல். என் நெருங்கிய நண்பன் ஒருவன் இஸ்லாமியன். எங்கள் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறான், ரத்தத்தைத் தொட்டதில்லை. அவன் மார்க்கத்தில் அது விலக்கு. "எங்களுக்கு ஆகாதுடா" என்பதோடு அவன் பேச்சு முடிந்துவிடும், என் தட்டைப் பார்த்து முகம் சுளிக்க மாட்டான். பக்ரீத் அன்று அவன் வீட்டில் முதலில் அடுப்பேறும் ஈரல் வறுவலில் எனக்கு ஒரு பங்கு நிச்சயம். விலக்கு வேறு, சாக்கு வேறு என்பதை நான் அவனிடம்தான் கற்றேன்.

இனி ஆகாதவை. நுரையீரலை வேகவைத்தால் நுரை பொங்கிச் சட்டி வழியும், அமுக்க அமுக்க மிதக்கும், வெந்த பிறகு பஞ்சைக் கடிப்பதைப் போல இருக்கும். மசாலாவை உறிஞ்சிக்கொண்டு தன்னிடமிருந்து ஒன்றும் தராத உறுப்பு அது. அமெரிக்காவில் 1971 முதல் நுரையீரலை மனித உணவாக விற்கவே அனுமதி இல்லை. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலைச் சேர்த்துச் செய்யும் ஹேகிஸ் அந்தத் தடையால் அங்கே போக முடியாமல் நிற்கிறது. இதைப் படித்த அன்று, என் பக்கம் ஒரு வல்லரசே இருக்கிறது என்று மனைவியிடம் பெருமை பேசினேன். "அவங்க தடை பண்ணலைன்னா நீங்க சாப்பிட்டிருப்பீங்களாக்கும்" என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். நியாயம்தான்.

மூளையும் அப்படியே. மாடுகளுக்குப் பித்துப் பிடிக்கவைக்கும் 'மேட் கவ்' நோய் பரவியபோது பிரிட்டனில் 1989-இல் மாட்டு மூளையையும் தண்டுவடத்தையும் உணவிலிருந்து நீக்கினார்கள். அதைச் சொல்லி ஆட்டு மூளையை மறுப்பவர்களைக் கண்டிருக்கிறேன். நானும் ஒரு விருந்தில் அந்தக் கதையைச் சொல்லித் தப்பித்தவன்தான். உண்மைக் காரணம், அது நாக்கில் வைத்தவுடன் கரைந்து போவதும், கடிக்க எதுவும் இல்லாமல் இருப்பதும்தான். பாதி வெந்த முட்டைக்கருவை விழுங்குவதைப் போன்ற அந்த வழவழப்பு எனக்கு ஒத்துவரவில்லை. கிட்னியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் இருக்கும் வெள்ளை நரம்பை வெட்டி எடுத்திருந்தால் சாப்பிடுவேன், எடுக்காவிட்டால் வாடை அடிக்கும்.

'பிடிக்காது' என்பதற்கும் 'சீ' என்பதற்கும் உள்ள தூரத்தையும் சொல்லியாக வேண்டும். முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் குடல் வறுவல் கொண்டுவந்த ஒரு தம்பியைப் பார்த்து ஒருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் நம்மளை மாதிரி ஆளுங்க சாப்பிடுறதா?" என்றார். அந்தத் தம்பி டப்பாவை மூடிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விட்டான். தலையும் குடலும் மலிவாகக் கிடைத்த காலத்தில் அவை உழைத்துக் களைத்தவர்களின் வீட்டுச் சட்டிக்குத்தான் போயின. அந்த மூக்குச் சுளிப்பு குடலுக்கு வந்ததல்ல, அந்தச் சட்டிக்கு வந்தது. சில மாதங்கள் கழித்து, குளிரூட்டிய உணவகம் ஒன்றில் வாழையிலைத் துண்டில் வைத்து, அரைக்கிலோ கறி விலைக்கு விற்ற அதே குடல் வறுவலை அதே மனிதர் படம் எடுத்துப் போட்டிருந்தார். நான் அந்தப் படத்துக்கு விருப்பக்குறி இடவில்லை. அன்று மாடிப்படிக்கு அந்தத் தம்பியின் பின்னாலேயே போய் உட்கார்ந்து நானும் சாப்பிட்டிருக்க வேண்டும், போகவில்லை. அது என் கணக்கில் இருக்கிறது.

போன வருடம் என் கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போனது. யூரிக் அமிலம் கூடிவிட்டது என்றார் மருத்துவர். ஈரல், மண்ணீரல், கிட்னி போன்றவற்றில் பியூரின் அதிகம் என்றும், அது உடைந்துதான் யூரிக் அமிலம் ஆகிறது என்றும் படம் போட்டு விளக்கினார். ஊரார் சொன்ன சாக்குகளை எல்லாம் இத்தனை வருடம் கேலி செய்தவனுக்கு, சாக்கு அல்லாத ஒரு காரணம் வந்து சேர்ந்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி மாதம் ஒருமுறை, அதுவும் ஏதாவது ஒன்று, கொஞ்சமாக என்று அனுமதி வாங்கினேன்.

இன்று காலை கடைக்குப் போனபோது பாய் வழக்கம்போல் சுவரொட்டியை இலையில் சுற்றி எடுத்து வைத்திருந்தார். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "மருமகளுக்குப் பிள்ளை பிறந்து பத்து நாளாச்சு, விட்டுக்கொடுங்க தம்பி" என்றார். உண்மையோ சாக்கோ, கொடுத்துவிட்டேன். எனக்குக் குடல் வாங்கி வந்திருக்கிறேன். தண்ணீர் அடுப்பில் இருக்கிறது. சூடு கூடுவதற்குள் போக வேண்டும்.