முப்பது நிமிடம் கேட்டால் குற்றமா?

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு எழுந்து கால்பந்தில் பிரேசில் உருகுவேயிடம் தோற்றதையும் பார்த்து, அதன்பின் உங்கள் மீம்களையும் பொறுத்துக்கொண்ட பிறகே இதை எழுதுகிறேன். தோல்வி என் பிரச்சினை அல்ல, நம்பமாட்டீர்கள், பரவாயில்லை. தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான 2024 கோபா அமெரிக்காவின் அந்தக் காலிறுதி 0-0 என முடிந்ததும், 30 நிமிடக் கூடுதல் நேரமே இல்லாமல் நேராகப் பெனால்டிக்குப் போனதுதான் பிரச்சினை.

74ஆம் நிமிடத்தில் தன் வீரர் நான்டெஸ் சிவப்பு அட்டை வாங்கியபின் உருகுவே பத்துப் பேருடன் தடுத்தாடியது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அந்தப் பத்துப் பேர் இன்னும் 30 நிமிடம் தாக்குப்பிடித்திருப்பார்களா என்பது தெரியும் முன்பே போட்டி விதிமுறை அவர்களைக் கரையேற்றிவிட்டது. பெனால்டியிலோ எதிரணியும் ஓர் ஆளைக் கழித்துப் பத்துப் பேராக வேண்டும். ஆக, சிவப்பு அட்டைக்கு மதிப்பே இல்லாமல் போயிற்று. எனக்கு வேண்டியது அந்த முப்பது நிமிடம் மட்டுமே.

வீரர்கள் களைத்துவிடுவார்களாம். அப்படியென்றால் இதே தொடரின் இறுதிப்போட்டிக்கு மட்டும் கூடுதல் நேரம் வைத்தார்களே, அதில் ஆடுபவர்களுக்குக் கால் வலிக்காதா? 90 நிமிடத்தில் பிரேசில் கோல் அடித்திருக்கலாமே என்றால், அடித்திருக்கலாம்தான். அதைப் பிறகு பேசுவோம். 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் டோர்ட்மண்டில் ஜெர்மனிக்கு எதிராக 119ஆம் நிமிடத்தில் இத்தாலியின் க்ரோஸோவும், அடுத்து டெல் பியரோவும் அடித்த கோல்களை நேராகப் பெனால்டிக்குப் போயிருந்தால் பார்த்திருப்போமா? 1968 யூரோ கோப்பை அரையிறுதியில் 120 நிமிடம் ஆடியும் தீராததால் நாணயம் சுண்டி இத்தாலியை இறுதிக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்திலேயே முதலில் ஆடவிட்டுத்தான் சுண்டினார்கள்.

கல்லூரி நாட்களில் எங்கள் ஊர்ப் போட்டியொன்றில், இருட்டுகிறது என்று கூடுதல் நேரத்தை ரத்து செய்து பெனால்டி வைத்தார்கள். எதிரணியில் இருவருக்குத் தசைப்பிடிப்பு. இன்னும் பத்து நிமிடம் ஆடியிருந்தால் அவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஐந்தாவது பெனால்டியை அடித்தது நான். பந்து கம்பத்துக்கு மேலே பறந்து வேலிக்கருவைக்குள் விழுந்தது. முள் கிழிக்கக் கிழிக்க உள்ளே போய் எடுத்து வந்ததும் நான்தான். அன்று முதல் என் பெயர் ‘கருவை’.

“கருவைக்குப் பெனால்டி என்றாலே ஆகாது” என்று நேற்று பின்னூட்டமிட்ட அன்பர், அன்று ஐந்து பேரில் ஒருவராக அடிக்கக் கூப்பிட்டபோது ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே குனிந்திருந்தவர்.