ஆயாம்மா தேவையா, ஏமாளி தேவையா?

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புகிறோம் என்று ஒரு மாதச் சம்பளத்தைக் கமிஷனாக வாங்கிக்கொண்டு, "டிரெயினிங் முடிச்ச ஆள் மேடம், நம்பி விட்டுட்டுப் போங்க" என்று சொல்கிற ஏஜென்சிக்காரர்களை நினைத்தாலே வயிறு எரிகிறது. என்ன டிரெயினிங்? யார் கொடுத்தது? கேட்டால் பேச்சையே மாற்றிவிடுகிறார்கள். ஆதார் நகலை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டால் அதுதான் வெரிஃபிகேஷனாம்.

எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா நல்லவர். அவர்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. அதுவரை ஒரு மெஸ்ஸில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவரை, "குழந்தையோட சும்மா விளையாடிட்டு இருந்தா போதும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பாப்பாவுக்கு ஒன்றரை வயது. அழுத பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, வறுத்த வேர்க்கடலையைத் தோல் ஊதி, முழுசு முழுசாக ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. "மூச்சுக்குழாயில போய் அடைச்சுக்கும்க்கா, அஞ்சு வயசு வரைக்கும் முழுக்கடலை கொடுக்கவே கூடாது" என்றதும் அவருக்குக் கை நடுங்கியது. "எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். யார் சொல்லியிருக்க வேண்டும்? கமிஷன் வாங்கியவர்கள்தானே! பக்கெட்டில் ஒரு சாண் தண்ணீர் கிடந்தாலே இந்த வயதுப் பிள்ளைக்கு ஆபத்து, காய்ச்சல் மருந்தை எடைக்குத் தக்கபடி அளந்துதான் கொடுக்க வேண்டும், அவசரம் என்றால் 108. உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் ஒரு நாள் ஆகுமா இதற்கெல்லாம்?

சரிப்படவில்லை என்றால் உடனே "ரீப்ளேஸ்மென்ட்" தருகிறார்களாம். மிக்ஸி ஜாரா மாற்றிக் கொடுக்க? ஒரு முகத்துக்குப் பழகி, அந்தக் கையில் சாப்பிட்டுத் தூங்க ஆரம்பிக்கும்போது ஆளை மாற்றினால், அந்தப் பிள்ளை ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுவதை யார் பார்ப்பது?

அப்புறம் ஆபீஸ். 50 பேர் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு 4 முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம் என்று 2017-லேயே மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எங்கள் ஆபீஸில் முந்நூறு பேருக்குமேல் இருக்கிறோம். ஹெச்ஆரிடம் கேட்டால், "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே" என்கிறார். எப்படிக் கேட்பார்கள்? கேட்க வேண்டியவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறார்கள்.

சொந்தக்காரர்கள் வேறு. "பெத்தவ பக்கத்துல இருக்கிற மாதிரி வருமா?" என்று என்னிடம் மட்டும் கேட்பார்கள். பிள்ளையின் அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார், அவரிடம் ஒரு வார்த்தை கிடையாது.

இப்போது வேறொருவரை அனுப்புகிறார்களாம். முதல் வாரம் முழுக்க நானும் கூடவே இருப்பேன், அந்த வாரத்துக்கும் அவருக்கு முழுச் சம்பளம் தருகிறேன் என்றேன். "இப்படியெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க மேடம், நீங்க ரொம்ப டென்ஷன் ஆகுறீங்க" என்கிறார் அந்த ஏஜென்சிக்காரர். ஆவேன்தான். வாங்குகிற கமிஷனில் கொஞ்சம் செலவழித்து, அனுப்புகிற ஒவ்வொருவருக்கும் முதலுதவி சொல்லிக்கொடுங்கள். அதுவரை டிரெயினிங் என்ற வார்த்தையை என்னிடம் பேசாதீர்கள்.