ஒற்றை ஆள் எழுதும் ‘நாங்கள்’

பிரெஞ்சில் முனைவர் பட்ட ஆய்வேடு எழுதிய காலம். முதல் வரைவு நெறியாளரிடமிருந்து திரும்பி வந்தபோது, ‘ஜெ’ என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் சுழித்து மேலே ‘நூ’ என்று திருத்தியிருந்தார். ஜெ என்றால் நான். நூ என்றால் நாம், நாங்கள் இரண்டும்தான். ஊர் ஊராகப் போய்ப் பேட்டி எடுத்தது நான் ஒருத்தி. ராத்திரி முழுக்க ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டு எழுதியதும் நான் ஒருத்தி. அப்புறம் யார் இந்த நாங்கள்?

இதற்கு ‘அடக்கத்தின் நூ’ என்றே அங்கே பெயர். அதில் ஒரு நுட்பம் உண்டு. வினை பன்மையில் வரும், கூட வரும் பெயரடையோ ஒருமையிலேயே நிற்கும். பெண்பாலுக்குரிய ஈ எழுத்து கடைசியில் இருக்கும், பன்மைக்குரிய எஸ் இருக்காது. எழுதியவள் ஒரே ஒரு பெண் என்பது அந்த ஓர் எழுத்தில் தெரிந்துவிடும். அந்த ஈ மேல் எனக்குத் தனிப் பிரியம்.

ஆங்கிலத்தில் அதுவும் கிடையாது. 1975இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜாக் ஹெதரிங்டன் தனியாக எழுதிய கட்டுரை முழுக்க ‘வீ’ (ஆங்கிலத்தின் நாம், நாங்கள்) போட்டுவிட்டார். ஒற்றை ஆசிரியர் அப்படி எழுதினால் பிஸிகல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழ் ஏற்காது என்று சக ஆய்வாளர் எச்சரித்தார். முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்யாமல், தன் சயாமியப் பூனை செஸ்டரை எஃப்.டி.சி. வில்லர்ட் என்ற பெயரில் இணையாசிரியராகச் சேர்த்தார். கட்டுரை வெளிவந்தது. எல்லாரும் சிரித்தபடி சொல்லும் கதை இது. எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ‘நான்’ என்று திருத்துவதைவிடப் பூனையைச் சேர்ப்பது சுலபமாக இருந்திருக்கிறதே!

‘இந்தச் சமன்பாட்டைப் பார்ப்போம்’ என்று வாசகரையும் கூட்டிக்கொண்டால் அது நாம். 1953இல் வாட்சனும் கிரிக்கும் டிஎன்ஏ கட்டுரையை ‘வீ’ என்று தொடங்கினார்களே, அது நாங்கள். தனியாளின் நூ இரண்டிலும் சேராது. தமிழில் யோசிக்கிறவளுக்கு உடனே இடறும்.

நான் என்றால் ஆணவமாம். பிரெஞ்சுத் தத்துவவாதி டெகார்ட் 1637இல் ஜெ என்றுதானே எழுதினார்? நானைத் தவிர்க்க ‘மாதிரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன’ என்று எழுதுகிறார்களே, யார் தேர்ந்தெடுத்தது? தப்பு நடந்திருந்தால் யாரைப் போய்க் கேட்பது? அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆய்வெழுத்து நெறிநூலான ஏபிஏ கையேடே இப்போது தனி ஆசிரியரை ‘ஐ’ (நான்) என்று எழுதச் சொல்கிறது.

அடுத்த வரைவில் எல்லாவற்றையும் நூ ஆக்கினேன், ஓர் இடம் தவிர. ஒரு பேட்டியில் கேட்கக் கூடாத நேரத்தில் ஒரு கேள்வியைக் கேட்டு, எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவை அழ வைத்துவிட்டேன். அதைப் பற்றிய வரிக்கு நூ போடக் கை வரவில்லை. அந்த ஜெயை நெறியாளரும் சுழிக்கவில்லை.