குள்ளன் என்று கூப்பிடாதீர்கள்

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் பேருந்தில் என் தம்பியுடன் ஏறும்போதெல்லாம், யாராவது ஒருவர் "குள்ளன் ஏறிட்டான், ரைட்" என்று குரல் கொடுக்கிறார். முப்பது வயதாகி, அதே வழித்தடத்தில் நாள்தோறும் வேலைக்குப் போய்வருகிற ஒருவனை அழைக்க வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று எனக்கு ஆத்திரமாக வருகிறது. கேட்டால், உள்ளதைத்தானே சொன்னோம் என்கிறார்கள்.

குறுமையைக் குறித்த 'குறள்' என்ற பழஞ்சொல், ஈரடி வெண்பாவுக்கும் வாமனனுக்கும் பெயராகி மதிப்போடு நின்றது. அந்த வாமனன் சிவனை வழிபட்ட தலம் என்று கெடிலக்கரையிலுள்ள திருமாணிக்குழிக்கு நாம் பக்தியோடு போய்வருகிறோம். 'குள்ளன்' என்பதோ, சர்க்கஸ் கோமாளியிலும் திரைப்பட நகைச்சுவையிலும் புழங்கிப் புழங்கி, கேலியைத் தன் பொருளாகவே ஆக்கிக்கொண்டது. ஆங்கிலத்தில் 'மிட்ஜ்' எனப்படும் சிறு பூச்சியின் பெயரிலிருந்து பிறந்த 'மிட்ஜெட்' என்ற சொல்லும், மனிதர்களை மேடையில் நிறுத்திப் பணம் பார்த்த வேடிக்கைக் காட்சிகளோடு ஒட்டிக்கொண்டதால், இன்று வசையாகவே கருதப்படுகிறது.

மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால் வளர்ந்தவரின் உயரம் 147 செ.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருப்பதை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 'உயரம் குறைந்தவர்' என்று சொல்ல நமக்குத் தமிழும் இருக்கிறது. அதுகூடத் தேவையில்லை, பேருந்தில் மற்றவர்களை அழைப்பதுபோல அவனையும் 'சார்' என்றோ 'தம்பி' என்றோ அழையுங்கள்.